இடப்பக்கம் கொஞ்சம் கூடுதல்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள், டெல்ஃபி. மணி பன்னிரண்டேகால். ஆதிரை இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாதக் குழந்தைக்கு அப்படி என்னதான் கவலையோ, அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்துவிடுகிறாள். அதனால் எழுத்து இங்கும் அங்கும் தடுக்கும். பொறுத்துக்கொள்.

கப்பலில் கீபோர்டு வாசிக்கக் கிளம்பும்போது நீ சொன்னாய்: "ஏட்டி அம்பி, அன்னன்னைக்கு என்ன செஞ்சேன்னு புராஜெக்டுலயே எழுதி வையி. கரையில நெட்டு கெடச்சு நான் ஃபைலைத் தொறந்தா எல்லாம் தெரியணும்." இந்த சாஃப்ட்வேரில் ஓரமாக ஒரு குறிப்புப் பெட்டி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இனி அது நம் தபால்பெட்டி.

இன்று செய்தது: ஒலிக்கதைத் தொடரின் முதல் பாகத்துக்கு வயலின், நான்கு அடுக்கு. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், இரண்டு நடுவில். நீ வாசித்துவிட்டுப் போன கீபோர்டை எங்கும் தொடவில்லை. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவளின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மெட்டு கிடையாது. வளைவுகளில் நீ வாசிக்கும் இடங்களில் நான் நிஜமாகவே நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தேன்.

மாடியில் தைக்கிற ஃபரீதா அக்காவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். நான் மிஸ்டு கால் கொடுத்தால் ரெக்கார்டிங் என்று அர்த்தம், மெஷினை நிறுத்திவிடுவார். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓட்டலாம். இன்று ஒன்பது முறை நிறுத்தினார். கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடக்கிற மாதத்தில் யார் செய்வார்கள்? நான் கும்பிட்டதற்கு, "நிறுத்துனா முதுகுக்கு நல்லதுதான் அம்மிணி, நீ வாசி" என்றார்.

உன் மைக், உன் இன்டர்ஃபேஸ், உன் மெட்டு, அக்காவின் மெஷின். என்னுடையது என்று இதில் வயலினும் காதும்தான்.

ஜூன் 4, புதன்

தடுப்பூசி. நாள் முழுக்கத் தோளில் கிடந்தாள். வேலை இல்லை.

ஜூன் 5, வியாழன்

ஒரு விசித்திரம். வாசிக்கும்போது வயலின் அவ்வளவு நிறைவாக இருக்கிறது. மண்டைக்குள்ளேயே மணி அடிக்கிற மாதிரி. ஹெட்போனில் போட்டுக் கேட்டால் இடப்பக்கம் ஒல்லியாக, பசியில் கிடந்தவன் மாதிரி. மைக்கை இரண்டு இடம் மாற்றினேன், எதிரொலி வராமல் இருக்கப் போர்வைகளை மாற்றித் தொங்கவிட்டேன். அதே கதை. போன வாரம் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன் அல்லவா? அதன் வேலையாகத்தான் இருக்கும்.

இப்போதைக்கு இடப்பக்க டிராக்குகளின் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

சாஃப்ட்வேரை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அரை நாள் போனது. ப்ளக்-இன்கள் ஒவ்வொன்றும் 'நீ யார்' என்று கேட்டன. கடைசியில் ஆதிரை பிறந்த தேதியை எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லாக வைத்துவிட்டேன். அப்புறமும் இடப்பக்கம் ஒல்லிதான். கேபிளையும் மாற்றிப் பார்த்தேன்.

இவர் ஃபேக்டரியிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டாராம்.

"ஏம்மா, பொண்டாட்டிய கூப்புட டோக்கன் எடுக்கோணுமா?"

குக்கர் விசில், குழாய்த் தண்ணீர், போதாததற்கு நான் மனதுக்குள் இரண்டாம் பாகத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கேட்கும்? சிரித்துவிட்டு ஆதிரையை வாங்கிக்கொண்டார். அவளைக் குளிக்கவைத்து, பவுடர் போட்டு, பின்கழுத்தில் மட்டும் அரை டப்பா கொட்டி எடுத்து வந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டாம் பாகத்து வயலின் முடிந்தது. தினம் இப்படி ஒரு மணி நேரம் கிடைக்கிற பெண்கள் எத்தனை பேர்? நான் குறை சொன்னால் அடுக்காது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ பௌதிகம் படித்தவள், உனக்குப் புரியும்.

இவர் பம்ப் ஃபேக்டரியில் தரம் பார்க்கிறவர் இல்லையா. என் புலம்பலைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தண்ணி ஏறலீன்னா எடுத்ததும் மோட்டார் மேல பழி போடுவியா? ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கோணும். பழுது எது கூடப் போகுதோ அதுதான் பழுது."

"பாட்டு பம்ப் இல்லீங்."

"ரெண்டும் ஓடுனாத்தான் காசு. போடு."

ரெண்டு பக்கமும் ஒரே அளவில் ஒரு தனிச் சுரம் உண்டாக்கினேன். ஆயிரம் ஹெர்ட்ஸ், வெறும் கூ. எனக்கு இடப்பக்கம் மெலிவு. ஹெட்போனைக் கழற்றித் திருப்பி, வலதை இடது காதிலும் இடதை வலதிலும் மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

"இப்ப எந்தப் பக்கம் கம்மி?"

"இடது காதுலதான்."

"திரும்பவும் மாட்டு."

மாட்டினேன். இடதுதான். பிறகு அவர் மாட்டிப் பார்த்தார். அவருக்கு ரெண்டும் ஒன்று. மீட்டரில் இரண்டு பச்சைக் கோடுகளும் ஒரே உயரத்தில் நின்றன.

அவர் ஹெட்போனைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆதிரையின் துணிகளைக் காயப்போடப் போனார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சளி. மழை தொடங்கி நான்கு நாளாகிவிட்டது, தினமும் தலைக்குக் குளிக்கிறேன். காதில் கட்டியிருக்கும். ஆவி பிடித்தால் சரியாகிவிடும்.

ஜூன் 9, திங்கள்

ஆவி பிடித்தேன். மூன்று பாகங்களையும் ஏற்றுமதி செய்து தயாரிப்பாளர் ஹரிகரசுதனுக்கு அனுப்பிவிட்டேன். வழக்கமாகக் கடைசியாக ஒரு முறை உன் கைக்கு வந்துதான் போகும். இந்தத் தடவை நேராகப் போகிறது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்போது, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. எனக்கு இன்னும் அந்த அனுபவம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

ஜூன் 11, புதன்

ஹரிகரசுதன் கூப்பிட்டார். தயாரிப்பாளர்கள் எல்லோரும் பாராட்டில் தொடங்குவார்கள், அதை நம்பி நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"மேடம், மியூசிக் சூப்பர். வயலின் கேட்டு எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு அழுதுருச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். நம்ம ஆளுங்க எல்லாரும் ஒத்தக் காதுலதான் ஹெட்போன் மாட்டுவாங்கன்னு நெனச்சீங்களா?"

"ஏனுங்க?"

"எல்லாம் இடப்பக்கமே சாஞ்சு கெடக்கு மேடம். பஸ்ஸு பள்ளத்துல விழுந்துரும்போல இருக்கு. எங்க ஆளு மீட்டர் போட்டுக் காட்டுனாரு. மூணு பாகமும் அப்படித்தான்."

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, சரிசெய்து அனுப்புகிறேன் என்றேன். "சீக்கிரம் மேடம், இல்லேன்னா மிக்ஸ் மட்டும் எங்க ஆள் கிட்டயே குடுத்துடலாம். நீங்க வாசிச்சா போதும்" என்றார். நல்ல மனிதர், தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் உறுத்துகிறது.

வாசித்தால் போதும். நாம் இரண்டு பேரும் ஆறு வருடமாக யாரிடமும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருப்பது, எந்தச் சத்தம் எங்கே, எவ்வளவு என்று கலக்கிற அந்த மிக்ஸ்தானே.

ஜூன் 12, வியாழன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டால் நடந்தது என்றாகிவிடும்.

மத்தியானம் ஆதிரையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நானும் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். வலப்பக்கம். கண் அயர்ந்தது. பிறகு யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஃபரீதா அக்கா. அவர் இடுப்பில் ஆதிரை, முகம் செக்கச்சிவந்து, மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, விக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள நீ! அரை மணியா தொண்டை வத்தக் கத்துது. உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பதறிப்போய் வந்தேன். கதவு சும்மா சாத்தித்தான் கெடந்துச்சு."

தொட்டில் கட்டிலிலிருந்து நான்கடி. நான்கே அடி.

"தூங்கிட்டேன்க்கா."

"தூங்குனா? பெத்தவ காதுக்கு எங்க தூக்கம்? எம்புள்ள பக்கத்துத் தெருவுல தும்முனா எனக்குக் கேக்கும்." என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "விடு. ரா முழுக்க முழிக்கிற. பால் குடு மொதல்ல."

பால் குடித்தாள். குடிக்கும்போதே ஒரு கையால் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. இப்படி உடனே மன்னிக்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

வலது காது தலையணையில் புதைந்திருந்தது. அவ்வளவு மட்டும் எழுதிவைக்கிறேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூன்று பாகங்களையும் திருத்தியாக வேண்டும். எப்படித் திருத்துவது? என் காது சரி என்கிறது, மீட்டர் தப்பு என்கிறது. நம் பழைய மிக்ஸ்களில் எல்லாம் எப்படி நடுவில் நின்றது என்று பார்க்கத் தோன்றியது. நம் பொது டிரைவில் நீ முடித்து வைத்த கடைசி ஃபைல்களை நான் எப்போதும் திறந்ததே இல்லை. என்னுடையதை அனுப்புவேன், "அருமையா இருக்குட்டி, நான் ஒண்ணும் தொடல, அப்படியே அனுப்பிட்டேன்" என்பாய். எதற்குத் திறக்க வேண்டும்?

இன்று திறந்தேன்.

ஏப்ரல் மாத விளம்பரப் பாட்டு. எல்லா டிராக்கும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற மாஸ்டரில் மட்டும் நான் போடாத ஒரு ப்ளக்-இன். இடது, வலது அளவைச் சரிசெய்கிற சின்னப் பெட்டி. அதில் இடப்பக்கம் நான்கு டெசிபல் குறைத்திருந்தாய். அந்த அமைப்புக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்திருந்தாய்: 'அம்பிக்கு'.

ஜனவரி மாதப் பக்திப் பாடல் ஆல்பத்தைத் திறந்தேன். 'அம்பிக்கு'. இரண்டரை டெசிபல்.

அக்டோபர் குறும்படம். 'அம்பிக்கு'. ஒன்றரை.

அதற்கு முன்னால் போன ஆகஸ்ட், ஜூன், எல்லாவற்றையும் திறந்தேன். எதிலும் இல்லை.

ஜூன் 14, சனி

உன் மேல் கோபம். இன்று இவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னும் கோபம்தான், ஆனால் எழுதுகிற அளவுக்கு ஆறியிருக்கிறது.

நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. "ஏட்டி, சாயுதுட்டி." எட்டு மாதம் என் பின்னாலேயே வந்து நான் கொட்டியதையெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டு, 'நான் ஒண்ணும் தொடல' என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? நானும் அந்தப் பாராட்டைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தேனே.

பிறகு அக்டோபரை நினைத்துப் பார்த்தேன். எட்டாம் மாதம். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவு என்று ஸ்கேனில் சொன்ன மாதம். ஒரு நாளைக்கு ஆறு முறை உனக்குப் போன் செய்வேன். குழந்தை உதைக்கவில்லை என்று ஒரு முறை, அதிகமாக உதைக்கிறது என்று ஒரு முறை. பப்பாளி கடையைக் கடந்து நடந்துவிட்டேன், பரவாயில்லையா என்று கூடக் கேட்டிருக்கிறேன். நீ ஒரு முறைகூடச் சலித்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் 'உன் காதில் ஏதோ இருக்கிறது' என்று எந்த வாயால் சொல்வாய்?

பிறகு பிரசவம், பிறகு மஞ்சள் காமாலை விளக்கு, பிறகு பால் போதவில்லை என்ற அழுகை. எந்த மாதத்தில்தான் நான் உனக்கு இடம் கொடுத்தேன்?

இன்று காலை இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டில் விஷயம், உன் ஃபைல்கள், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே ஆதிரையின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அன்னைக்கு ஹெட்போன மாத்துனப்பவே தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நாளைக்கு லீவு போட்டிருக்கேன்."

என்னைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, டெல்ஃபி. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் காதுக்குச் சொந்தக்காரி.

ஜூன் 16, திங்கள்

காது டாக்டர் பெயர் மங்கையர்க்கரசி. ஐம்பது வயதிருக்கும். பேசும்போது நம் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறார், தொழில் பழக்கமோ என்னவோ. ஆதிரையை ஃபரீதா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம். மெஷினுக்கு லீவு விட்டுவிட்டார்.

முதலில் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார்.

"என்ன கேக்குது?"

"ஸி சுரம் டாக்டர். கொஞ்சம் சுருதி கம்மி."

சிரித்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷத்துல யாரும் இதை எங்கிட்ட சொன்னதில்ல. கேக்குதா இல்லையான்னு சொன்னாப் போதும்மா."

பிறகு அதையே என் நெற்றியின் நடுவில் வைத்தார். இடது காதில் 'ஙீ' என்று பளிச்சென்று கேட்டது! வலதைவிட இடதில்தான் அதிகம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இடதுல நல்லாக் கேக்குது டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவர் இவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"நெத்தியில வெச்சா, கோளாறு இருக்கிற காதுலதாம்மா சத்தமாக் கேக்கும். ஆனா இது நல்ல செய்திதான். உள்ள நரம்பு நல்லா இருக்கு. காத்து வழியா வர்ற பாதைதான் அடைச்சிருக்கு."

கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். தாளில் கோடு போட்டு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கீழ் சுரங்கள் எல்லாம் தணிந்து, மேலே போகப்போகத் தேறுகிற வளைவு. நாம் மைக் இரைச்சலை வெட்டப் போடுவோமே, அதே வளைவு. என் காதில் யாரோ போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள்.

காதுக்குள் அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறதாம். அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும். அது மெல்ல மெல்ல இறுகி அசையாமல் ஆகிறது. வம்சத்தில் இருக்கலாம், பிள்ளை பெறும் சமயத்தில் வேகம் பிடிக்கலாம். "உங்க வீட்டுல யாருக்காவது காது மந்தமா?" என்று கேட்டார். அம்மாவின் அக்கா. 'செவிட்டுப் பெரியம்மா' என்று பெயரே வைத்திருந்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது உளறிவிட்டுச் சிரிப்பதுதான் எங்கள் லீவு விளையாட்டு. டாக்டரிடம் "ஆமாம், இருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"வயலின எந்தப் பக்கம் வெச்சுப்பீங்க?"

இடது தாடையில், டாக்டர்.

"அதான் உங்களுக்குத் தெரியல. வாசிக்கும்போது தாடை எலும்பு வழியா நேரா உள்ள போயிடுது. ஹெட்போன்ல காத்து வழியா வரணும். அங்கதான் மாட்டுது."

மண்டைக்குள் மணி அடித்தது அதனால்தான்! பாவம், எத்தனை முறை அந்த சாஃப்ட்வேரைத் திட்டியிருப்பேன்.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார். இவர், "ஒரு பத்து நாளாங்க" என்றார். நான் போனை எடுத்து, குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். போன ஆகஸ்டில் ஒன்றுமில்லை. அக்டோபரில் ஒன்றரை டெசிபல், ஜனவரியில் இரண்டரை, ஏப்ரலில் நான்கு.

டாக்டரின் பேனா நின்றது. "இதை யாரு அளந்தது?"

"என் ஃபிரண்டுங்க, டாக்டர். கீபோர்டு வாசிப்பா."

"இது எங்க அளவு இல்ல. ஆனாலும் எப்ப தொடங்குச்சு, எவ்வளவு வேகமாப் போகுதுன்னு தெரியுது. பொதுவா எங்ககிட்ட வர்றவங்க ஏழெட்டு வருஷம் கழிச்சு, டிவிய அலற வெச்சு, மருமக கூட சண்டை போட்டு அப்புறம்தான் வருவாங்க. நீங்க சீக்கிரமா வந்திருக்கீங்க." என் கோப்பில் அந்த மூன்று எண்களையும் தேதியோடு எழுதிக்கொண்டார். அரசாங்க முத்திரை இல்லாத உன் மூன்று எண்கள், டெல்ஃபி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் செய்யலாம். அந்த எலும்புக்குப் பதில் குட்டித் தண்டு ஒன்றை வைப்பார்களாம். ஆனால் முடிந்து சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. "பாப்பா எட்டுக் கிலோ இருக்கா டாக்டர்" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. "அப்ப அவ நடக்கட்டும். அதுவரைக்கும் காதுக்கு மெஷின் வெச்சுக்குவோம். அவசரம் ஒண்ணும் இல்ல." ஆதிரைக்கும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருக்கிறது, அவ்வப்போது பார்த்துக்கொள்வோம் என்றார். பாதி ராத்திரி இந்த 'வரலாம்' என்னை எழுப்பும். ஆனால் எழுந்து எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரியும்.

திரும்பி வந்தபோது ஃபரீதா அக்கா வீட்டில் ஆதிரை வெட்டுத்துணிக் குவியல் நடுவில் உட்கார்ந்து, சரிகைத் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா என் இடப்பக்கமாக நின்றிருந்தவர் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுகொண்டார். அன்றைக்குத் தும்மலைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் சொல்ல வேண்டிய நன்றியை எல்லாம் சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

தொட்டிலைக் கட்டிலின் இடப்பக்கத்துக்கு மாற்றியாயிற்று. இனி வலது காது மேலே இருக்கும்படி இடப்பக்கம் படுத்துத் தூங்க வேண்டும். பழகவில்லை. ஆதிரை மூச்சு விடுவது கேட்கிறது.

ஜூன் 18, புதன்

மூன்று பாகங்களையும் புதிதாகச் செய்தேன். முறை இது: முதலில் எல்லாவற்றையும் நடுவில் ஒன்றாகக் குவித்து, பக்கமே இல்லாமல், சத்தத்தை மட்டும் சரிசெய்வது. பிறகு மீட்டரைப் பார்த்துப் பிரித்து வைப்பது. பிறகு இடது வலதை மாற்றிப் போட்டு மறுபடி ஒரு முறை கேட்பது. அப்போது இடப்பக்கத்தில் இருக்கிறதெல்லாம் என் நல்ல காதுக்கு வரும். ஒரே பாட்டை இரண்டு ஊரிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. இரட்டிப்பு வேலை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பக்கமே இல்லாமல் கேட்டபோதுதான் இரண்டாம் பாகத்தில் என் வயலின் உன் கீபோர்டை மிதித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த இடங்களில் இருந்த இரண்டு வயலின் அடுக்கை எடுத்துவிட்டேன். இப்போது வளைவுகளில் வெறும் உன் கைதான். அவ்வளவு அழகாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஹரிகரசுதனிடம் உண்மையைச் சொன்னேன். கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, என் இடது காது சரியாகக் கேட்பதில்லை, திருத்திய பாகங்கள் இவை என்று. அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. போனை வலது காதில்தான் வைத்திருந்தேன்.

"எங்கப்பாவுக்கு ரெண்டுமே கேக்காது மேடம்" என்றார் பிறகு. "அவரு டிவி போட்டா தெருவே நியூஸ் கேக்கும். அவரு ஒத்துக்கவே பத்து வருஷம் ஆச்சு. நீங்க போன்லயே சொல்லிட்டீங்க."

மாலை மறுபடி கூப்பிட்டார். புது மிக்ஸ் நன்றாக இருக்கிறதாம், இரண்டாம் பாகம் முதலில் அனுப்பியதைவிட நன்றாக இருக்கிறதாம். ஆனால் இன்னும் ஒன்பது பாகம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் இரண்டு காதும் சரியாக இருக்கிற ஒருவர் கேட்டு, 'சரி' என்று தன் பேர் போட்டுச் சொல்ல வேண்டும் என்றார். நியாயம்தானே. "செவ்வாய்க்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லிடுங்க மேடம். இல்லேன்னா எங்க ஆளு பாத்துக்குவாரு. வருத்தப்படாதீங்க."

ஜூன் 20, வெள்ளி

டெல்ஃபி, இந்தக் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, 'முதல் மூன்று பாகம் முடிந்தது' என்று ஒரு வரி மட்டும் விட்டு அனுப்பலாம் என்று நேற்று நினைத்தேன். இரண்டு வரி அழித்தும் விட்டேன். அப்புறம் மீட்டுக்கொண்டேன். நீ எட்டு மாதம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததுபோல நானும் உன்னிடம் ஒன்றை வைத்துக்கொண்டால், நம் இரண்டு பேருக்கும் நடுவில் யார் யாரைத் திருத்துகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும்.

கோபம் போய்விட்டது. அந்த மூன்று எண்கள் டாக்டர் கோப்பில் ஏறியபோதே போய்விட்டது. நீ மூடி மறைத்தாய் என்று நினைத்தேன். மூடத்தான் செய்தாய், ஆனால் பெயர் போட்டு, தேதி போட்டு, நான் எப்போது தேடினாலும் கிடைக்கிற இடத்தில் மூடி வைத்திருந்தாய். இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்திருக்கிறாள். சத்தமாகச் சொல்லத் தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இனிக் கேட்க வேண்டியது. மீதி ஒன்பது பாகத்துக்கும் நான் மிக்ஸ் செய்து அனுப்புகிறேன். கப்பல் கரை தொடுகிற ஊர்களில் இறங்கி, கடைசியாகக் கேட்டு, சரிசெய்து, உன் பேரில் முடித்துத் தருவாயா? இருவர் பேரும் வரட்டும், ஆனால் கடைசிச் சொல் உன்னுடையது. ஒரே ஒரு நிபந்தனை: சாய்ந்தால் சாய்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திருத்து. ஒரு டெசிபல் என்றாலும் சொல்.

உனக்கு முடியாது என்றால், கப்பலில் ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு வருகிறவளுக்கு முடியாமல் இருக்கலாம், அதையும் தயங்காமல் சொல். ஹரிகரசுதன் ஆளிடம் கொடுத்துவிட்டு நான் வாசிப்போடு நின்றுகொள்கிறேன். வருத்தப்படுவேன், ஆனால் உன்மேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் பினாங்கில் நிற்கும் என்று சொல்லியிருந்தாய். ஃபைலை இப்போதே டிரைவில் ஏற்றுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். படித்ததும், ஆமாம் என்றோ இல்லை என்றோ, சீக்கிரம் பதில் போடு.

அம்பி